மூன்றரை லட்சத்தில் ஒரு வடிவியல் பாடம்

(கணித ஆசிரியர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தமிழ்நாடு அரசின் 2024-25 நிதிநிலை அறிக்கையில் ‘கலைஞரின் கனவு இல்லம்’ என்ற திட்டம் அறிவிக்கப்பட்டது. 2030-க்குள் ஊரகப் பகுதிகளில் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டி, குடிசையில்லாத தமிழ்நாட்டை உருவாக்குவது அதன் நோக்கம். ஒரு வீட்டுக்கு அரசு தரும் தொகை 3,50,000 ரூபாய். வீட்டின் பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம். மீதி 60 சதுர அடிக்கு எளிதில் தீப்பிடிக்காத வேறு கூரை போட்டுக்கொள்ளலாம். வகுத்துப் பார்த்தால் சதுர அடிக்கு 972 ரூபாய் வருகிறது.

3,50,000, 360, 300, 60. இந்த நான்கு எண்களையும் ஒன்பதாம் வகுப்புக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, இதற்குள் ஒரு குடும்பம் வாழ ஒரு வீட்டை வரைந்து, செலவுக் கணக்கும் போட்டுக் கொண்டுவரச் சொன்னால், அந்த ஆண்டின் வடிவியலும் அளவியலும் பெரும்பாலும் அந்தத் தாளுக்குள்ளேயே வந்துவிடும். அது எப்படி வருகிறது, எங்கே இடறுகிறது, ஆசிரியர் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பள்ளிகளில் வீடு செய்யும் ‘புராஜெக்ட்’ புதிதல்ல. தெர்மகோல் அட்டை, வண்ணத்தாள், பிளாஸ்டிக் புல்வெளி எல்லாம் வைத்து ஆண்டுதோறும் கண்காட்சி மேசைகளில் வீடுகள் அணிவகுக்கின்றன. அவற்றில் பல, பெற்றோர் இரவெல்லாம் உட்கார்ந்து ஒட்டியவை. சில, கடையில் காசு கொடுத்து வாங்கியவை. அந்த வீடுகளில் வடிவியல் கிடையாது. சுவர் எவ்வளவு நீளம் என்று யாரும் கேட்பதில்லை. இரண்டு அடி கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் எந்த நட்டமும் இல்லை. பணம் உள்ளே வந்த பிறகுதான் நீளம் ஒரு பொருட்டாகிறது. ஆகவே இந்தச் செயல்பாட்டில் ஆசிரியர் எதை விட்டாலும் விடலாம், பட்ஜெட்டை விடக் கூடாது.

*

360-ஐ இரண்டு எண்களின் பெருக்கலாக எழுதச் சொன்னால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையே எழுதிவிடும்: 18 × 20, 15 × 24, 12 × 30, 10 × 36, 9 × 40. பரப்பு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். சுற்றளவோ 76 அடியில் தொடங்கி 78, 84, 92 என்று ஏறி, 9 × 40-க்கு 98 அடியில் நிற்கிறது. இதுவரை பாடப்புத்தகத்தில் உள்ள கணக்கே. பிள்ளைகள் போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள்.

இப்போது ஒரு செங்கல்லைக் கொண்டுவந்து மேசைமேல் வைக்க வேண்டும். நம் ஊர்ச் செங்கல், சாந்தோடு சேர்த்துக் கணக்குக்கு 9 அங்குல நீளம், 4½ அங்குல அகலம், 3 அங்குல உயரம் என்று வைத்துக்கொள்ளலாம். சுவர் 10 அடி உயரம், 9 அங்குலக் கனம். 10 அடி என்பது 120 அங்குலம். 3 அங்குலம் வீதம் 40 வரிசை. ஓர் அடி நீளச் சுவரில் ஒரு வரிசைக்கு 2⅔ கல். ஆகவே ஓர் அடி நீளச் சுவருக்குச் சுமார் 107 கல் போகிறது. 18 × 20 வீட்டுக்கும் 9 × 40 வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் 22 அடி. ஏறக்குறைய 2,350 கல். ஒரு கல் 10 ரூபாய் என்று வைத்தால், கூலியும் சாந்தும் சேர்க்காமலே 23,500 ரூபாய். மொத்தத் தொகையே மூன்றரை லட்சம்தான் என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால், வீட்டின் நீள அகலத்தைத் தேர்ந்தெடுத்த அந்த ஒரு கணத்தில் இவ்வளவு பணம் கைமாறியிருக்கிறது.

பரப்பு ஒன்றாக இருக்கும்போது சதுரத்தை நெருங்க நெருங்கச் சுற்றளவு குறையும் என்ற உண்மையை மனப்பாடம் செய்த மாணவர் மறந்துபோகலாம். 2,350 கல்லை எண்ணிய மாணவர் மறப்பது கடினம்.

சதுரத்தைவிட வட்டம் இன்னும் மிச்சம் பிடிக்குமே என்று எங்கேயாவது ஒரு பிள்ளை கேட்கும். கேட்க வேண்டும், கேட்கும்படி ஆசிரியர் வழிவிட வேண்டும். 360 சதுர அடி வட்டத்தின் ஆரம் 10.7 அடி, சுற்றளவு 67.3 அடி. 18 × 20-ஐவிட 8.7 அடி குறைவு. ஏறத்தாழ 900 கல் மிச்சம். ஆந்திரக் கடலோரத்தில் ‘சுட்டில்லு’ என்று சொல்லப்படும் வட்டக் குடிசைகள் புயல்காற்றுக்குத் தாக்குப்பிடிப்பதற்காகவே அப்படிக் கட்டப்பட்டவை. ஆக, வட்ட வீடு கற்பனையல்ல. ஆனால் அந்த வட்டச் சுவரை ஒட்டி 6 அடிக் கட்டிலைப் போட்டால் என்ன ஆகும்? கட்டிலின் இரு முனையும் சுவரைத் தொடும். நடுவில் இடைவெளி விழும். எவ்வளவு? உள் ஆரம் 9.95 அடி, நாணின் நீளம் 6 அடி, மையத்திலிருந்து நாணுக்குச் செங்குத்து வரைந்தால் பிதாகரஸ் தேற்றம் விடை சொல்லிவிடுகிறது: ஐந்தரை அங்குலம். பீரோ, அடுப்பு மேடை, அலமாரி எல்லாவற்றுக்கும் இதே கதை. வட்டம் செங்கல்லில் மிச்சம் பிடித்து, புழங்கும் இடத்தில் கைவைக்கிறது. நாண் பற்றிய தேற்றத்துக்கு இதைவிட நேரடியான வேலையைப் பாடப்புத்தகம் தரவில்லை.

இந்த இடத்தில் பாடத்தை முடித்துவிடும் ஆசிரியர்கள் உண்டு. முடிக்கக் கூடாது. ஏனென்றால் வீட்டுக்குள் அறைகள் வேண்டும். மூன்று அறை என்று வைத்துக்கொண்டால், ஒடுங்கிய 9 × 40 வீட்டுக்கு உள்ளே ஏழரை அடிக் குறுக்குச் சுவர் இரண்டு போதும். 18 × 20 வீட்டுக்கு முதலில் பதினாறரை அடிச் சுவர் ஒன்று, பிறகு ஒரு பாதியைப் பிரிக்க ஏறக்குறைய ஒன்பது அடிச் சுவர் இன்னொன்று. அதையும் சேர்த்துக் கூட்டினால் இரண்டு வீடுகளுக்கும் உள்ள வித்தியாசம் 22 அடியிலிருந்து 12 அடிக்குள் வந்துவிடுகிறது. மிச்சம் பாதியாகச் சுருங்குகிறது. தளத்துக்கும் இதில் பங்கு உண்டு. தாங்குசுவர் இல்லாமல் பதினாறரை அடி தாண்டும் தளத்துக்குக் கனமும் கம்பியும் கூடும்; ஏழரை அடி தாண்டும் தளத்துக்கு அவ்வளவு வேண்டாம். சதுரமே சிறந்தது என்று சொல்லி அமர்ந்த பிள்ளை மறுபடி எழுந்து யோசிக்க வேண்டியிருக்கிறது. ஒரே கணக்கை இரண்டாம் முறை, கூடுதல் விவரத்தோடு போடும் பழக்கம் இங்கே வருகிறது. நம் வகுப்பறைகளில் மிக அரிதான பழக்கம் அது.

*

அடுத்து, எல்லா வகுப்பிலும் தவறாமல் வரும் இரண்டு பிழைகள்.

ஒன்று, சுவரின் கனம். நோட்டுப் புத்தகத்தில் சுவர் என்பது பென்சில் கோடு. அதற்குக் கனம் இல்லை. நிலத்தில் அதற்கு முக்கால் அடி கனம். வெளியளவு 18 × 20 என்றால் உள்ளளவு 16½ × 18½, அதாவது 305 சதுர அடி. 55 சதுர அடியைச் சுவரே விழுங்கிவிட்டது. 9 × 40 வீட்டில் உள்ளே மிஞ்சுவது 289 சதுர அடிக்குச் சற்றுக் குறைவு; சுவர் விழுங்கியது 71. அடுக்குமாடி வீடு வாங்கப் போகிறவர்கள் ‘பிளிந்த் ஏரியா’, ‘கார்ப்பெட் ஏரியா’ என்று கேட்டுக் குழம்பும் விஷயத்தை ஒன்பதாம் வகுப்பு மாணவர் தானே கண்டுபிடித்துவிடுகிறார்.

இரண்டாவது, மூலை. வெளிச் சுற்றளவு 76 அடி. அதை 107-ஆல் பெருக்கிக் கல் கணக்குச் சொல்கிறார்கள். ஒவ்வொரு மூலையிலும் இரண்டு சுவர் சந்திக்கிறது. அந்த முக்கால் அடி இரண்டு முறை எண்ணப்பட்டுவிட்டது. நான்கு மூலைக்கு 3 அடி. சுவரின் நடுக்கோட்டை அளந்தால் 73 அடிதான். வித்தியாசம் 320 கல். பொறியாளர்கள் ‘சென்டர் லைன்’ முறை என்று சொல்லிப் பயன்படுத்துவது இதைத்தான். ஆசிரியர் இதை முன்கூட்டியே சொல்லிவிடாமல் இருந்தால் நல்லது. அட்டையில் நான்கு சுவரை வெட்டி நிறுத்திப் பார்க்கும்போது இரண்டு அட்டைகள் மூலையில் ஒன்றையொன்று இடிக்கும். அந்த இடிதான் பாடம்.

கதவைக் கழிக்கவும் பல பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். 3 அடிக்கு 7 அடிக் கதவு ஒன்றுக்கு 224 கல் கழிய வேண்டும்.

*

தாளில் போட்ட திட்டத்தை அப்படியே விளையாட்டு மைதானத்தில் முழு அளவில் போட்டுப் பார்ப்பது இந்தச் செயல்பாட்டின் உயிரான பகுதி. கயிறு, நான்கு முளைக்குச்சி, டேப்பு, கொஞ்சம் சுண்ணாம்புப் பொடி இருந்தால் போதும்.

பிள்ளைகள் 20 அடி அளந்து, திரும்பி 18 அடி அளந்து, மறுபடி 20, மறுபடி 18 என்று சுற்றி வந்து சேர்ந்ததும் செவ்வகம் முடிந்துவிட்டதாக நினைப்பார்கள். அந்த ஊரிலுள்ள கொத்தனார் ஒருவரை அன்றைக்கு அழைத்து வந்திருந்தால், அவர் டேப்பின் ஒரு முனையை ஒரு பையன் கையில் கொடுத்து எதிர்மூலைக்குப் போகச் சொல்வார்.

“ஏண்ணே, நாலு பக்கமும் சரியாத்தானே இருக்கு? குறுக்க எதுக்கு அளக்குறீங்க?”

“மூலை இழுத்திருக்கான்னு பாக்கணும் தம்பி. ரெண்டு குறுக்கும் ஒண்ணா வந்தாத்தான் மூலைமட்டம்.”

எதிர்ப்பக்கங்கள் சமமாக உள்ள நாற்கரம் இணைகரம். மூலைவிட்டங்களும் சமமானால் அந்த இணைகரம் செவ்வகம். கொத்தனாரின் இரண்டு வாக்கியத்துக்குள் இருப்பது இந்தத் தேற்றம். ஆனால் அவர் ஏன் பரப்பைச் சரிபார்க்காமல் மூலைவிட்டத்தைச் சரிபார்க்கிறார் என்ற கேள்விக்குள் போனால் இன்னும் ஆழமான விஷயம் கிடைக்கும்.

18 × 20 செவ்வகத்தின் மேல்பக்கம் ஓர் அடி பக்கவாட்டில் நகர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பக்கங்களின் நீளம் மாறவில்லை. உயரம் 18-லிருந்து 17.97 ஆகிறது, பரப்பு 360-லிருந்து 359.4. அரைச் சதுர அடிக்குச் சற்று மேல்தான் குறைகிறது. எவராலும் கண்டுபிடிக்க முடியாது. மூலைவிட்டங்களைப் பாருங்கள். சரியான செவ்வகத்தில் இரண்டும் 26 அடி 10⅞ அங்குலம். சாய்ந்த வடிவத்தில் ஒன்று 27.64 அடி, இன்னொன்று 26.15 அடி. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை அடி வித்தியாசம். பரப்பு மறைத்துவிடும் பிழையை மூலைவிட்டம் பெரிதாக்கிக் காட்டிவிடுகிறது. எந்த அளவை அளந்தால் பிழை பளிச்சென்று தெரியும் என்பது அளவையியலின் அடிப்படைக் கேள்வி. தலைமுறை தலைமுறையாக அதற்கு விடை தெரிந்து வேலை செய்பவர்கள் நம் கொத்தனார்கள். வகுப்பில் அவர்களுடைய பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பாவோ சித்தாள் வேலைக்குப் போகும் அம்மாவோ அறிந்த ஒன்று கரும்பலகையில் தேற்றமாக எழுதப்படுவதை அந்தப் பிள்ளை பார்ப்பதற்கு ஒரு மதிப்பு உண்டு. இந்தச் செயல்பாட்டை வலியுறுத்த இந்த ஒரு காரணமே போதும்.

சுண்ணாம்புக் கோடு போட்டபின் பிள்ளைகளை உள்ளே நடக்கவிட வேண்டும். சமையலறைக்கு நாலடி அகலம் ஒதுக்கியவர்கள் இருவராக அங்கே நின்று பார்ப்பார்கள். ஒருவர் குனிந்தால் மற்றவர் வெளியே போக வேண்டியிருக்கும். கதவு திறக்கும் கால்வட்டத்தை வரையாமல் விட்டவர்களுக்குக் கட்டில் கதவை மறிப்பது தெரியும். தாளில் நாலு சென்டிமீட்டராக இருந்தது இப்போது நாலு அடியாக நிற்கிறது. அளவுத்திட்டம் என்ற பாடம் உடம்புக்குள் இறங்குவது அப்போதுதான்.

நம் பாடப்புத்தகம் மீட்டரிலும் சென்டிமீட்டரிலும் பேசுகிறது; கட்டட வேலை அடியிலும் அங்குலத்திலும் நடக்கிறது. 100 சதுர அடி ஒரு சதுரம், 435.6 சதுர அடி ஒரு சென்ட், 2,400 சதுர அடி ஒரு கிரவுண்டு, மணலும் ஜல்லியும் 100 கன அடிக்கு ஒரு யூனிட், சிமென்ட் 50 கிலோ மூட்டை, கம்பி கிலோவில். மத்திய அரசின் ஊரக வீட்டுத் திட்டம் குறைந்த அளவாக 25 சதுர மீட்டர் என்று சொல்கிறது; அது 269 சதுர அடி என்று மாற்றத் தெரிந்தால்தான் மாநிலத் திட்டத்தோடு ஒப்பிட முடியும். பிள்ளைகள் தாங்களே செங்கல் சூளைக்கும் ஹார்டுவேர் கடைக்கும் போய் விலை கேட்டு வரட்டும். கடைக்காரர் சொல்லும் அலகில் வாங்கி, புத்தகத்தின் அலகுக்கு மாற்றி, மறுபடி கடையின் அலகில் பட்டியல் போடுவது நல்ல பயிற்சி.

*

விலைப்பட்டியல் போட்டதும் தொகை மூன்றரை லட்சத்தை மீறிப்போகும். ஏறக்குறைய எல்லாக் குழுவுக்கும் மீறும். அப்போதுதான் உண்மையான வடிவமைப்பு தொடங்குகிறது. அந்த நேரத்தில் பிள்ளைகளுக்கு லாரி பேக்கரை அறிமுகப்படுத்தலாம்.

1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, இந்தியாவுக்கு வந்து, திருவனந்தபுரத்தில் குடியேறி, இந்தியக் குடிமகனாகி, 2007-இல் அங்கேயே மறைந்த கட்டடக் கலைஞர் அவர். ஏழைகளுக்கு மலிவாகவும் அழகாகவும் வீடு கட்ட முடியும் என்பதை வாழ்நாள் முழுதும் கட்டிக் காட்டியவர். இங்கிலாந்தில் பழக்கத்தில் இருந்த ‘எலிப்பொறிக் கட்டு’ முறையைக் கேரளத்தில் பரப்பினார். இதில் செங்கல்லைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்திவைப்பார்கள். சுவரின் இரு முகத்திலும் நீளவாட்டில் ஒவ்வொரு கல். அடுத்து இரண்டையும் இணைத்துக் குறுக்கே ஒரு கல். நடுவில் ஒரு பொந்து விழும். 25 சதவீதம் செங்கல் மிச்சம் என்று இதைப் பற்றிய கையேடுகள் சொல்கின்றன.

அந்த 25 சதவீதத்தை நம்ப வேண்டியதில்லை. மாணவர் தாமே நிறுவலாம். விளிம்பில் நிற்கும் கல்லின் உயரம் 4½ அங்குலம், கனம் 3 அங்குலம். முகக்கல்லின் நீளம் 9, குறுக்குக்கல்லின் கனம் 3, ஆகமொத்தம் 12 அங்குலம் ஒரு சுற்று. அதற்கு மூன்று கல். 9 அங்குலச் சுவரில் இரு முகக்கல்லும் 3 + 3 அங்குலத்தை எடுத்துக்கொள்ள, நடுவில் 3 அங்குலம் மிஞ்சுகிறது. ஆகவே பொந்தின் அளவு 9 × 3 × 4½ அங்குலம். ஒரு செங்கல்லின் அளவும் அதுவே! நான்கு கல் நிற்க வேண்டிய இடத்தில் மூன்று கல்லும் ஒரு கல் அளவு வெற்றிடமும் நிற்கின்றன. நான்கில் ஒன்று, சரியாக 25 சதவீதம். ஓர் அடி நீளச் சுவருக்கு 107 கல் ஆனது 80 ஆகிறது. 73 அடிச் சுவருக்குக் கணக்கிட்டால் 1,947 கல் மிச்சம். தீப்பெட்டிகளை அடுக்கியே இதைச் செய்துகாட்டலாம். கன அளவு என்ற பாடத்தில் இவ்வளவு துல்லியமாக, இவ்வளவு அழகாக ஒரு விடை வந்து விழும் இடம் வேறு இருக்கிறதா என்பது சந்தேகமே.

கூரைக்கு வருவோம். 60 சதுர அடியை ஓட்டுக்கூரையாகப் போடத் தீர்மானித்த குழு, 60 சதுர அடிக்கு ஓடு வாங்கப் பட்டியல் எழுதும். ஓடு சாய்வாகக் கிடக்கிறது. சாய்வு 30 பாகை என்றால் வேண்டிய பரப்பு 60-ஐ கொசைன் 30-ஆல் வகுத்தது, 69.3 சதுர அடி. முன்பக்கம் 3 × 20 அடித் திண்ணையாகப் போட்டாலும், பின்பக்கம் 6 × 10 அடிச் சமையலறையாகப் போட்டாலும் இதே 69.3தான். வடிவம் மாறியும் விடை ஏன் மாறவில்லை என்று பிள்ளைகள் வாதிடுவார்கள், வாதிடவிட வேண்டும். கான்கிரீட் தளத்தில் கணக்கு வேறு மாதிரி. 300 சதுர அடித் தளத்தின் கனத்தில் ஓர் அங்குலம் கூடினால் 25 கன அடிக் கான்கிரீட் கூடும். சிமென்ட் மட்டும் ஐந்தரை, ஆறு மூட்டை. தளத்தின் கனத்தையோ கம்பியையோ குறைத்துப் பணம் மிச்சம் பிடிக்கலாமா என்று ஒரு குழு நிச்சயம் கேட்கும். கூடாது, அது பொறியாளர் தீர்மானிக்க வேண்டியது என்று ஆசிரியர் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எதில் குறைக்கலாம், எதில் உயிர் இருக்கிறது என்று பிரித்தறிவதும் இந்தப் பாடத்தில் சேர்ந்ததே.

வீட்டுக்குப் போய்க் கேட்டால் பெரியவர்கள் மனையடி சாஸ்திரம் பார்த்து, இந்த நீளம் ஆகாது என்பார்கள். அதை விவாதப்பொருளாக்கத் தேவையில்லை. பணத்தைப்போல அதையும் ஒரு நிபந்தனையாக எடுத்துக்கொண்டு, அளவை மாற்றி, மாற்றியதால் எத்தனை கல் கூடியது அல்லது குறைந்தது என்று பாட்டிக்கே கணக்குச் சொல்லச் சொல்லலாம். பேரன் பேத்தி கணக்கைப் பாட்டி கேட்பார்.

*

செங்கல்லும் கயிறும் நிபந்தனையும் சேர்ந்து வடிவியலை வளர்த்த வரலாறு நமக்கு மிகப் பழையது. சுல்ப சூத்திரங்கள் விவரிக்கும் பருந்து வடிவ வேள்வி மேடைக்கு ஐந்து அடுக்கு, அடுக்குக்கு 200 செங்கல்; மொத்தப் பரப்பு ஏழரைச் சதுரப் புருஷம் (புருஷம் என்பது அக்கால நீள அளவு). வடிவம் எப்படி இருந்தாலும் பரப்பும் கல்லின் எண்ணிக்கையும் மாறக் கூடாது. சுல்ப சூத்திர ஆசிரியர்களுள் ஒருவரான பௌதாயனர் மூலைவிட்டத்தின் மேல் எழும் சதுரத்தைப் பற்றிச் சொன்னது இந்த வேலையின் நடுவே.

கைவேலையை மையமாக வைத்துப் பாடங்களைக் கற்பிக்க வேண்டும் என்று 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தி வலியுறுத்தினார். ஜாகிர் உசேன் குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. அந்த இயக்கத்தைச் சேவாகிராமத்திலிருந்து நடத்தியவர் யாழ்ப்பாணத் தமிழரான இ.டபிள்யூ. ஆரியநாயகம். ‘ஆதாரக் கல்வி’ என்ற பெயரில் அது தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் வந்தது. நூற்பு ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம் என்று பிரிந்து, பிறகு நூற்பும் நின்றுபோனது. கைவேலைக்கும் பாடத்துக்கும் உள்ள இணைப்பை ஆசிரியர் ஒவ்வொரு நாளும் தானே கட்ட வேண்டும். அதற்கு நேரமும் பயிற்சியும் தரப்படவில்லை.

அந்த நேரத்தைத் தந்த இடங்கள் உண்டு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் லவ்லேண்ட் உயர்நிலைப் பள்ளியில் வடிவியலையும் கட்டட வேலையையும் ஒரே பாடமாக்கி, கணித ஆசிரியரும் தொழிற்கல்வி ஆசிரியரும் சேர்ந்து நடத்தினார்கள். மாணவர்கள் உண்மையான வீட்டையே கட்டினார்கள். அந்த முறை வேறு பல மாநிலங்களுக்கும் பரவியது. அலபாமாவில் ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் ‘ரூரல் ஸ்டுடியோ’ 2005-இல், 20,000 டாலருக்குள் ஒரு வீடு என்ற நிபந்தனையோடு கட்டடக்கலை மாணவர்களை இறக்கியது. அங்கே முதலில் முடிவானது தொகை. வீடு அதற்குள் பிறந்தது.

நம் பள்ளியில் உண்மையான வீடு கட்ட வேண்டியதில்லை. தாள், அட்டை, மைதானம், விலைப்பட்டியல், இவை போதும்.

*

ஓர் எச்சரிக்கை. ‘உங்கள் வீட்டை வரைந்து வாருங்கள்’ என்று மட்டும் சொல்லக் கூடாது. ஒரே அறையில் ஆறு பேர் வாழும் பிள்ளையும், மாடி வீட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் இருக்கிறார்கள். வரைபடம் பேசிவிடும். அதனால்தான் எல்லாருக்கும் பொதுவான ஓர் அரசுத் திட்ட வீட்டை எடுத்துக்கொள்வது நல்லது. அதே அளவு, அதே பணம். யாருக்கும் கூடக் குறைய இல்லை.

நேரம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. போர்ஷன் முடிக்க வேண்டும், தேர்வு இருக்கிறது. ஆனால் இந்த வீடு கூடுதல் பாடமாக வரத் தேவையில்லை. பிதாகரஸ் எட்டாம் வகுப்பிலேயே நடத்தப்பட்டுவிடுகிறது. இணைகரத்தின் பண்புகள், முக்கோணவியல் விகிதங்கள், கனச்செவ்வகத்தின் கன அளவு எல்லாம் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் இருப்பவை. அந்தந்தப் பாடம் வரும்போது அந்தந்தப் பகுதியை எடுத்து, ஒரே வீட்டை ஆண்டு முழுதும் வளர்த்துக்கொண்டு போகலாம். வளரறி மதிப்பீட்டில் செயல்பாடுகளுக்கு ஏற்கெனவே மதிப்பெண் இருக்கிறது.

அந்த மதிப்பெண்ணை மாதிரி வீட்டின் அழகுக்குக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு குழுவும் குறைந்தது இரண்டு திட்டம் தரட்டும். முதல் திட்டத்திலிருந்து இரண்டாவதற்கு எதை மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள், எத்தனை ரூபாய் மாறியது என்று ஒரு பக்கம் எழுதட்டும். மதிப்பெண்ணில் பாதி அந்தப் பக்கத்துக்குப் போகட்டும். கடையில் வாங்கிய தெர்மகோல் வீட்டோடு அந்தப் பக்கம் வராது.

ஒன்பதாம் வகுப்பு நடத்தும் ஆசிரியர்கள் இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கிவிடலாம். முதல் நாளுக்கு ஒரு செங்கல்லும் ஒரு டேப்பும் கொண்டுபோங்கள். மைதானத்தில் கோடு போடும் நாளுக்கு உங்கள் ஊர்க் கொத்தனார் ஒருவரை அழையுங்கள். அன்றைக்கு அவர் வேலையை விட்டுவிட்டு வருகிறார். அவருடைய ஒரு நாள் கூலியைப் பள்ளி கொடுத்துவிட வேண்டும்.